பச்சை எழுத்தில் ஒரு நன்றி

"ஒண்ணே ஒண்ணுதான்மா வந்திருக்கு" என்று கண்காணிப்பாளர் சொன்னதும் பட்டாசு சிரித்துவிட்டாள்.

"சார், பின்னால ஒரு சைபர் விட்டுப்போச்சான்னு பாருங்க."

"நீ எழுதின ரிப்போர்ட்தான். நீயே பாரு."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். நகர அலுவலகத்தில் காகிதம் ஒழிந்த பிறகும் முத்திரைக் கட்டையை மட்டும் மேசையிலிருந்து எடுக்காத மனிதர். பேசும்போது அதை உருட்டிக்கொண்டே பேசுவார். இப்போதும் உருட்டினார்.

திரையில் இருந்தது ஒரே வரி. சந்தைக் கொட்டகை இடிப்பு, பெறப்பட்ட ஆட்சேபம்: ஒன்று.

பட்டாசின் சிரிப்பு பாதியில் நின்றது.

தன் கம்பெனி சார்பில் அந்த அலுவலகத்தின் இணையதளத்துக்கு ஆட்சேபப் படிவம் செய்து கொடுத்தவள் அவள்தான். பெயர், முகவரி, என்ன ஆட்சேபம், கீழே 'அனுப்பு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் எழுதியது சர்வருக்குப் போகும். அங்கே அவளுடைய ஸ்கிரிப்ட் அதை வாங்கி டேட்டாபேஸில் ஒரு வரியாகப் பதிக்கும். அவ்வளவுதான் வேலை. தூங்கி எழுந்து பல் தேய்ப்பதற்குள் எழுதிவிடக்கூடியது என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்தைக் கொட்டகையில் அறுபது கடைகள். அதை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள். பாதிக்கு மேல் கடைக்காரர்கள் ஆட்சேபித்தால் பொது விசாரணை நடத்தியே ஆகவேண்டும். இல்லையென்றால் நாளைக் காலை சாவி கான்ட்ராக்டர் கைக்குப் போகும். கெடு இன்று மாலை அலுவலகம் மூடும்வரை. ஆட்சேபத்தை இணையதளத்தில் மட்டும்தான் வாங்குவார்கள்.

கொட்டகையின் நாலாவது தூணை ஒட்டி இருக்கும் பட்டன் கடை அவளுடைய சித்தியினுடையது. ஸ்கூல் விட்டு வந்தால் அந்தக் கடையின் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்துதான் பட்டாசு வீட்டுப்பாடம் எழுதுவாள். 'பட்டாசு' என்று பெயர் வைத்ததும் சித்திதான். தொட்டால் வெடிக்கிறாளாம்.

போனை எடுத்தாள்.

"சித்தி, ஆட்சேபம் அனுப்பினியா இல்லையா?"

"என்னடி கேள்வி இது? சோறு தின்னியான்னு கேக்கற மாதிரி. போன வாரமே அனுப்பியாச்சு. 'நன்றி, உங்கள் ஆட்சேபம் பெறப்பட்டது'ன்னு பச்சையா வந்துச்சு. உன் சித்தப்பா அதை போட்டோ வேற புடிச்சு வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டறார்."

"மத்த கடைக்காரங்க?"

"பூட்டுக்கடை சாவி மாமா விடுவாரா? கடை கடையா ஏறி எறங்கி எல்லாரையும் அனுப்ப வச்சார். எல்லாருக்கும் பச்சை. ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்ல. போனைக் கையிலயே வச்சுக்க."

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம்" என்று சித்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டாசு போனை வைத்துவிட்டாள்.

டேட்டாபேஸில் ஆட்சேபங்கள் பதியும் டேபிளைத் திறந்தாள். உள்ளே வரும் ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸ் தானாகவே ஒரு வரிசை எண் கொடுக்கும். பதிவாகியிருந்த அந்த ஒற்றை ஆட்சேபம் சாவி மாமாவுடையது. அதற்கு அடுத்த எண்ணைக் காணோம். அதற்கு அடுத்ததும் இல்லை. எண்கள் ஒரு பெரிய தாவு தாவி, ஏதோ ஒரு தெருவின் சாக்கடைத் திட்டத்துக்கு வந்த ஆட்சேபத்தில் போய் இறங்கியிருந்தன.

இடையில் இருந்தவர்கள் எங்கே?

"சார், யாரோ அழிச்சிருக்காங்க" என்றாள்.

முத்திரைக் கட்டை உருளுவது நின்றது. "யாரும்மா அழிப்பா?"

"டேபிள் வரைக்கும் போற பாஸ்வேர்ட் ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு நான். நான் அழிக்கலை."

மற்றவர் யார் என்று கண்காணிப்பாளருக்குத் தெரியும். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அலுவலகம் முழுவதற்கும் அவர் அண்ணன். அந்த அண்ணனுடைய மச்சான்களில் ஒருவர்தான் கொட்டகையை இடிக்கப்போகும் கான்ட்ராக்டர்.

பட்டாசு படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, சர்வர் அறை பிணவறை போலக் குளிர்ந்தது. அண்ணன் கம்பளித் தொப்பியும் மஃப்ளரும் சகிதமாக உட்கார்ந்து, மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மச்சான் நல்லா இருக்காரா?"

"எந்த மச்சான்? எனக்கு மூணு பேர். மூணு பேரும் என்னைக் கண்டா எதிர்ப்பக்கம் நடக்கறாங்க."

"இடிக்கிற மச்சான்."

அண்ணன் ஆரஞ்சைக் கீழே வைத்தார். விஷயம் புரிந்துவிட்டது. கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கையைத் துடைத்தார்.

"என்ன காணோம்?"

"கொட்டகை முழுக்கக் காணோம். எண்ணெல்லாம் தாவுது. நடுவுல இருந்த வரியையெல்லாம் யாரோ அழிச்சிருக்காங்க. கையெழுத்து போடாம வேலை செஞ்சவர் யாருன்னு எனக்குத் தெரியும்."

"பட்டாசு, வெடிக்கறதுக்கு முன்னாடி திரி எங்க இருக்குன்னு பாத்துக்கம்மா." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு திரையைக் காட்டினார். "இந்த டேபிள்ல யார் எதை அழிச்சாலும் இங்க ஒரு தடம் விழும். நான் அழிச்சாலும் விழும், உங்க முதலாளி அழிச்சாலும் விழும். பாரு. சுத்தமா இருக்கு."

"தடத்தையே அழிச்சிருந்தா?"

"அப்படி வா. உன் சித்தி கடையில இருக்காங்கல்ல? இப்போ ஒரு ஆட்சேபம் அனுப்பச் சொல்லு. டேபிளைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பார்ப்போம். அழிக்கிற கை வந்தா கையோட புடி." சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய், இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

பட்டாசு சித்தியைக் கூப்பிட்டாள். "சித்தி, இன்னொரு தடவை அனுப்பு. இப்பவே."

கொட்டகையின் இரைச்சல் போன் வழியாக வந்தது. யாரோ ஜிப்பை இழுத்துச் சோதிக்கும் சத்தம், யாரோ சிரிப்பது. பிறகு சித்தியின் குரல்: "அமுக்கிட்டேன். வந்துடுச்சு. நன்றி. பச்சையா, அழகா."

டேபிளில் எதுவும் வரவில்லை.

வந்து அழியவில்லை. வரவே இல்லை.

"இன்னொரு தடவை அமுக்கு."

"நன்றி!" என்றாள் சித்தி.

டேபிள் அசையவில்லை. பட்டாசு வரிசை எண்ணைக் கவனித்தாள். அது மட்டும் இரண்டு தள்ளிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு ஆளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? டோக்கன் எண் ஏறிக்கொண்டே போகும், படுக்கை காலியாகவே கிடக்கும். அதுதான் நடந்திருந்தது.

"அண்ணா, யாரும் அழிக்கலை. டேட்டாபேஸ் உள்ளேயே விடலை."

"கையை வெளியே எடுக்கலாமா?" என்றார் அண்ணன்.

பட்டாசு தன் ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஒரு வரி, வந்ததை டேபிளில் சேர் என்றது. அடுத்த வரி, பச்சை எழுத்தில் நன்றி சொல் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சேர்ந்ததா என்று டேட்டாபேஸைக் கேட்காமலேயே ஸ்கிரிப்ட் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. சேர்ந்தாலும் நன்றி, சேராவிட்டாலும் நன்றி.

ஸ்கிரிப்டின் பிரதி ஒன்றில், டேட்டாபேஸ் என்ன பதில் சொல்கிறது என்று திரையில் காட்டும்படி எழுதி, சித்தியின் முகவரியைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். பதில் வந்தது. இந்தத் திட்டத்துக்கு இந்தக் கதவு எண்ணில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது, இன்னொன்றைச் சேர்க்க முடியாது.

பட்டாசுக்குக் காது சூடானது.

அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. கண்காணிப்பாளர் சொன்னார், ஒரு வீட்டுக்கு ஒரு ஆட்சேபம்தான், இல்லையென்றால் வேலையில்லாதவன் ஒருவனே உட்கார்ந்து நூறு அனுப்புவான் என்று. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் முந்திக்கொண்டாள்: "கதவு எண்ணுக்கு ஒரு பூட்டு போட்டுடறேன் சார். ஒரே கதவு எண் ரெண்டாவது தடவை வந்தா டேட்டாபேஸே உதறித் தள்ளிடும். சின்ன வேலை."

கொட்டகை முழுவதற்கும் கதவு எண் ஒன்றே ஒன்று.

அது அவளுக்குத் தெரியாத சங்கதியா? தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு "பட்டன்! சாவி! ஜிப்பு! குடை!" என்று ஏலம் விடுவார். கல்லாவுக்கு அடியிலிருந்து ஓடிப்போய்த் தபாலை வாங்கி வந்தவளே இவள்தான். எந்தக் கடைக்கும் தனி எண் கிடையாது. தூணும் தொழிலும்தான் அடையாளம். அலுவலகத்து ஏ.சி.யில் உட்கார்ந்து கதவு எண் என்று எழுதும்போது அந்த வாசல் அவளுக்குக் கண்ணில் படவில்லை. சாவி மாமா முதலில் நுழைந்தார். பூட்டு விழுந்தது. பின்னால் வந்த அத்தனை பேரும் வெளியே நின்றார்கள், கையில் ஆளுக்கொரு நன்றியுடன்.

"அண்ணா" என்றாள். "நான் சொன்னதெல்லாம்..."

"மன்னிப்பை அப்புறம் வாங்கிக்கறேன். அந்த மச்சானை 'இடிக்கிற மச்சான்'னு சொன்னியே, அதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். இதுவரைக்கும் அனுப்பினவங்க எழுதினது எங்கயாவது தங்கியிருக்கா?"

"இல்ல. வாங்கின கையோட கீழ போட்டுடுச்சு. எங்கயும் தங்கலை."

"அப்போ எல்லாரும் மறுபடி அனுப்பணும். இன்னிக்கே."

"அனுப்புவாங்க" என்றாள் பட்டாசு. குரலில் பழைய சூடு திரும்பியிருந்தது. "முதல்ல பூட்டை மாத்தணும். அதுக்கு மாடியில ஒரு கையெழுத்து வேணும்."

கண்காணிப்பாளர் முழுவதையும் கேட்டார். தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நடுவுல விதியை மாத்த முடியாதும்மா. ஒரு கதவுக்கு ஒரு ஆட்சேபம். எல்லாத் தெருவுக்கும் அதான்."

"நீங்க சொன்னது ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு சார். அதைக் கதவுன்னு ஆக்கினது நான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீங்க குடியிருக்கற அடுக்குமாடியில எத்தனை வீடு சார்?"

"இருக்கும், ஒரு இருபது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கதவு எண் எத்தனை?"

கண்காணிப்பாளர் முத்திரைக் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டு அங்கே பேருந்து நிறுத்தம் போடப்போவதாக ஒரு திட்டம். அதை எதிர்த்து அவருடைய மனைவி ஆட்சேபம் அனுப்பியிருந்ததை அலுவலகம் முழுக்க அறியும். அவர் போனை எடுத்தார். மனைவியின் குரல் மேசையைத் தாண்டிக் கேட்டது.

"நாலு தடவை அனுப்பிட்டேன்! நாலு தடவையும் நன்றி! பதில் ஒண்ணும் இல்ல. உங்க ஆபீஸ்ல நன்றிக்கு மட்டும் பஞ்சமே இல்லைங்க!"

"சரி, சரி. வீட்டுக்கு வந்து பேசறேன்."

"வாங்க, வாங்க. வந்தா நானும் நன்றி சொல்றேன்."

போனை வைத்தார். "மேல மாடிக்காரர் முதல்ல அனுப்பிட்டார் போல" என்று முனகினார். பிறகு அலுவலகக் குரல் திரும்பியது. "மாத்தலாம். ஆனா தப்பு யாரோடதுன்னு எழுத்துல வேணும். நாளைக்கு என் தலையில வந்து விடியக்கூடாது."

எழுதிக்கொடுத்தால் அவளுடைய கம்பெனி முதலாளி கூப்பிட்டுக் காய்ச்சுவார். அடுத்த வேலை கிடைக்குமா என்பதே சந்தேகம்தான். பட்டாசு நின்றபடியே மின்னஞ்சலைத் தட்டினாள். பிழை என்னுடையது, பதிந்ததா என்று கேட்காமல் நன்றி சொன்னதும் நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான், இன்றே சரிசெய்கிறேன். அனுப்பினாள்.

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். காகிதம் ஒழிந்த அலுவலகத்தில் அதை அச்செடுத்தார். ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். பல நாள் பசி தீர்ந்த முகம்.

"போம்மா. முடிச்சுட்டு வா."

சர்வர் அறைக்குத் திரும்பியபோது அண்ணன் டேபிளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். "முதல்ல நகல்ல பண்ணு. நகல் உடைஞ்சா எனக்குக் கவலையில்ல."

பட்டாசின் விரல்கள் பறந்தன. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். கடையென்றால் உரிம எண், அடுக்குமாடியென்றால் வீட்டு எண். ஒவ்வொரு கடைக்காரரும் கழுத்திலோ கடையிலோ தொங்கவிட்டிருக்கும் அட்டையில் உரிம எண் இருக்கும். பூட்டைக் கதவு எண்ணிலிருந்து கழற்றி அதற்கு மாற்றினாள். எண்ணிக்கை காட்டும் ரிப்போர்ட்டையும் உரிம எண்ணை வைத்தே எண்ணும்படி திருத்தினாள்.

கடைசியாக அந்த நன்றி. சேர்த்ததும் ஸ்கிரிப்ட் இப்போது நின்று டேட்டாபேஸைக் கேட்டது. சேர்ந்தது என்று பதில் வந்தால் மட்டும் பச்சை, கூடவே வரிசை எண். சேரவில்லை என்றால் சிவப்பு, கூடவே ஏன் சேரவில்லை என்ற காரணம்.

நகலில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அனுப்பிப் பார்த்தார்கள். சிவப்பு. சரியாக அனுப்பினார்கள். பச்சை. உண்மையான சர்வரில் ஏற்றினார்கள்.

"சித்தி, போனை ஸ்பீக்கர்ல போடு. எல்லாரையும் கூப்பிடு."

"எதுக்குடி?"

"எல்லாரும் மறுபடி அனுப்பணும். சாவி மாமாவோடதைத் தவிர யாரோடதும் பதிவாகலை."

சித்தி கேட்டாள்: "அப்போ அந்த நன்றி?"

"பொய் சித்தி. தப்பு என்னோடது."

"என் கடை பட்டனை அமுக்கினா சட்டை மூடும். உன் பட்டனை அமுக்கினா என்னடி ஆகுது?"

"இப்போ மூடும். சத்தியமா."

ஸ்டூலை இழுக்கும் சத்தம், அதன்மேல் ஏறும் சத்தம், பிறகு கொட்டகையே அதிரும் குரல்: "எல்லாரும் கொஞ்சம் கடையை விட்டுட்டு வாங்க! அவசரம்!"

குடைக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். "ஒரு தடவை வாங்கிட்டேன்னு சொன்னவன் மறுபடி கேக்கறான்னா ஏதோ வில்லங்கம் இருக்குன்னு அர்த்தம்."

"என் கடைக்கு நின்னுபோன வாட்ச் வந்தா நான் ஓடுதுன்னு சொல்லிக் கொடுத்து அனுப்புவேனா?" என்றார் வாட்ச்காரர். "யாரு இதை எழுதினது?"

"நான்தான் அண்ணே!" பட்டாசு போனில் கத்தினாள். "நாலாவது தூண் பட்டாசு! நம்ம கொட்டகைக்கு ஒரே கதவு எண்ணுங்கறதை மறந்துட்டேன். திட்டறவங்க வரிசையில நில்லுங்க, நான் சாயங்காலம் நேர்லயே வர்றேன். இப்போ உரிம அட்டையை எடுத்து அனுப்புங்க. பச்சை வந்தா கூட ஒரு எண் வரும், அதை உரக்கப் படிங்க. இங்க வந்திருச்சான்னு நான் பார்த்துச் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் என்னை நம்பாதீங்க."

"இது நியாயமான பேச்சு" என்றார் வாட்ச்காரர்.

முதலில் சித்தியே அனுப்பினாள். எண்ணைப் படித்தாள். டேபிளில் ஒரு வரி பளிச்சென்று வந்து உட்கார்ந்தது.

"உக்காந்துடுச்சு சித்தி!"

கொட்டகையில் ஒரு விசில் பறந்தது. அதன்பிறகு எண்கள் மளமளவென்று வந்தன. வாட்ச், உக்காந்துடுச்சு. கண்ணாடி, உக்காந்துடுச்சு. செருப்பு, உக்காந்துடுச்சு. குடைக்காரர் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

திடீரென்று சித்தப்பா கத்தினார். "எனக்கு சிவப்பு! 'இந்த உரிம எண்ணில் ஏற்கெனவே ஆட்சேபம் உள்ளது'ங்குது! உன் சித்தி அனுப்பினா பச்சை, நான் அனுப்பினா சிவப்பா?"

"ஒரே கடைதானே சித்தப்பா. ஒரு கடைக்கு ஒண்ணுதான்."

"ஜிப்பு போடறது நான்! பட்டன் விக்கறது அவ! அது எப்படி ஒரே கடையாகும்?"

"உரிமம் யார் பேர்ல இருக்கு?" என்று யாரோ கேட்க, கொட்டகை சிரித்தது. சித்தப்பா அந்தச் சிவப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மாலை சரிந்தது. பாதிக் கடைகள் மதியத்தோடு மூடும் நாள் அது. இருந்தவர்கள் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். மூடியவர்களில் போனில் கிடைத்தவர்களும் வீட்டிலிருந்தே அனுப்பினார்கள். வேண்டியது முப்பத்தொன்று. அண்ணன் விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தொன்னு. முடிஞ்சுது."

பட்டாசு ரிப்போர்ட்டைப் பார்த்தாள். முப்பது.

"ஒண்ணு குறையுது."

"வரி முப்பத்தொன்னு இருக்கே?"

இருந்தது. ஆனால் அதில் ஒன்று பழைய வரி. சாவி மாமாவுடையது. அவர் அனுப்பியபோது உரிம எண் என்ற கட்டமே படிவத்தில் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தது. உரிம எண்ணை வைத்து எண்ணும் ரிப்போர்ட் அவரைத் தாண்டிப் போனது. முதலில் நுழைந்த மனிதர்தான் இப்போது கணக்கில் இல்லாதவர்.

"அட, அவ்வளவுதானா" என்று அண்ணன் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். "அவர் உரிம எண்ணைக் கேட்டு அந்த இடத்துல நீயே எழுதிடு. ஒரு வரி வேலை."

பட்டாசின் கை கீபோர்டின் மேல் நின்றது. பிறகு பின்வாங்கியது.

"மாட்டேன் அண்ணா. டேபிள்ல கையை வச்சதா காலையில உங்களைச் சொன்னேன். சாயங்காலம் நானே வைக்கவா? கான்ட்ராக்டர் நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா, தடத்துல என் பேர்தான் இருக்கும். அந்த ஒண்ணைக் காட்டி மொத்தத்தையும் தூக்கிடுவார்."

அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். என் மச்சான் அதுல கெட்டிக்காரன்."

"சித்தி, சாவி மாமா எங்க?"

"யாரோ வீட்டுச் சாவியை உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டாங்கன்னு போயிருக்கார். நான் அனுப்பினதுதான் முதல்லயே பதிவாயிருக்குன்னு மார்தட்டிட்டுப் போனார்டி!"

போன் நெடுநேரம் அடித்தது. ஒருவழியாக எடுத்தார்.

"யாரு? பட்டாசா? கை வேலையா இருக்கும்மா. அப்புறம் பேசு."

"மாமா, நீங்க மறுபடி அனுப்பணும். இப்பவே."

"நான் எதுக்கு? எனக்குத்தான் ஆயிடுச்சே!"

"உங்களுக்கு மட்டும்தான் ஆகலை மாமா. ஒரே ஒரு ஆள் குறையுது. அது நீங்க."

"அய்யோ! பூட்டுக்குள்ள கம்பியை விட்டு மூணு முள்ளைத் தூக்கிப் புடிச்சிருக்கேன். கையை எடுத்தா அத்தனையும் கீழ விழுந்துடும்."

மேலே அலுவலகத்தின் முன்வாசல் ஷட்டரை இறக்கும் ஆள் கொக்கியைத் தேடும் சத்தம் கேட்டது. ஷட்டராவது யாருக்காவது ஒரு நிமிடம் நிற்கும். ஸ்கிரிப்ட் நிற்காது. அலுவலகம் மூடும் நேரம் வந்தால் படிவம் தானாகவே மூடிக்கொள்ளும்படி அவளே எழுதியிருந்தாள். அதைத் தளர்த்தவும் அவள் நினைக்கவில்லை.

"மாமா, அந்த வீட்டுக்காரங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கார். வெளிய நின்னு என்னை முறைச்சுட்டு இருக்கார்."

"போனை அவர்கிட்ட கொடுங்க."

"எப்படிக் கொடுக்கறது? தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கு. சார், இதைக் கொஞ்சம் எடுங்களேன்."

வீட்டுக்காரரின் குரல் எரிச்சலுடன் வந்தது. "ஹலோ? எனக்கு உள்ள அடுப்பு எரியுதுங்க!"

"சார், அவருக்காக நாலு கட்டம் நிரப்புங்க. நீங்க நிரப்பறதுக்குள்ள அவர் திறந்துடுவார். இல்லைன்னா எங்க கொட்டகையில அறுபது பேர் உங்க வீட்டுக்கு வந்து நிப்பாங்க."

என்ன நினைத்தாரோ, அவர் நிரப்பினார். பெயரைக் கேட்டார், சாவி மாமா சொன்னார். முகவரியையும் ஆட்சேபத்தையும் கேட்டார். "கொட்டகையை இடிக்காதே, அவ்ளோதான் போடுங்க" என்றார் மாமா. உரிம எண்ணை மாமாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துத் தட்டினார்.

"அனுப்பிட்டேன். சிவப்பா ஏதோ வருது."

பட்டாசு போனை வாயருகே இழுத்தாள்.

"என்ன போட்டிருக்கு சார்? அப்படியே படிங்க."

"'உரிம எண் முழுமையாக இல்லை, ஆட்சேபம் பதிவாகவில்லை.' ஓ, கடைசி எண்ணை விட்டுட்டேன். அட்டை மடிஞ்சு கிடக்கு."

"அதைச் சேர்த்து மறுபடி அனுப்புங்க."

பழைய ஸ்கிரிப்டாக இருந்தால் இந்நேரம் பச்சையாக நன்றி சொல்லி அவரை அனுப்பி வைத்திருக்கும் என்று பட்டாசு நினைத்தாள். மேலே ஷட்டர் கரகரவென்று இறங்கத் தொடங்கியது.

"பச்சை" என்றார் வீட்டுக்காரர். எண்ணைப் படித்தார்.

வரி வந்து உட்கார்ந்தது. பட்டாசு ரிப்போர்ட்டை மறுபடி ஓட்டினாள். முப்பத்தொன்று. போனில் ஒரு 'க்ளிக்'. "கதவும் திறந்துடுச்சு!" என்றார் மாமா. அதே சூட்டில் படிவம் மூடிக்கொண்டது.

அண்ணன் ஆரஞ்சில் மிச்சமிருந்த பாதியை அவளிடம் நீட்டினார். மன்னிப்புக்கு விலை அவ்வளவுதான் போலிருந்தது.

மாடியில் கண்காணிப்பாளர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அச்செடுத்தார், முத்திரை குத்தினார். "பொது விசாரணை. கான்ட்ராக்டருக்கு நாளைக்கு சாவி கிடையாது. நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்." போனை எடுத்தவர் நிறுத்தினார். "ஏம்மா, எங்க வீட்டம்மா ஆட்சேபம்?"

"அந்தத் திட்டத்துக்கு இன்னும் கெடு இருக்கு சார். வீட்டு எண்ணைப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. இந்தத் தடவை போகும்."

"நீயே சொல்லிடேன். நான் சொன்னா நம்பமாட்டா."

பட்டாசு கொட்டகைக்குப் போனபோது திட்டுவதற்கு வரிசை ஒன்று நிஜமாகவே நின்றது. முதல் ஆள் குடைக்காரர். அவர் திட்டி முடித்ததும் ஒரு குடையை அவள் கையில் திணித்தார். "வெயில்ல அலையற. வச்சுக்க."

நாலாவது தூணில் சித்தி கல்லாவை மூடிக்கொண்டிருந்தாள். தன் போனை எடுத்து நீட்டினாள். பச்சை எழுத்தும் அதன் கீழே எண்ணும் இன்னும் திரையில் இருந்தன.

"விசாரணை அன்னிக்கு நான்தான் முதல்ல பேசுவேன், சொல்லிட்டேன்" என்றாள். "இதை நம்பி இனிமே கடையைப் பூட்டிட்டுப் போகலாமா?"

"நம்பு சித்தி. இப்போ கேட்டுட்டுத்தான் சொல்லுது."

"நீயும் அப்படியே பழகிக்க" என்று சொல்லிவிட்டு, ஷட்டரின் ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொன்னாள்.